தெரியாத பூச்சும் தெரிய வேண்டிய உண்மையும்

 

பெண்களின் முகப்பூச்சைப் பற்றிச் சங்க ஏட்டில் ஓர் ஆண்பிள்ளை எழுதுவதா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கிறவர்கள் தங்கள் கடை அலமாரியை ஒரு தரம் திரும்பிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், மஸ்ஜித் இந்தியா சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நம்மவர்கள் நடத்தும் கடைகளில் பவுடரும், கிரீமும், கண்மையும், உதட்டுச் சாயமும் விற்காத கடைகள் எத்தனை இருக்கும்? விற்ற காசைக் கல்லாப்பெட்டியில் போடும்போது வராத சிரிப்பு, அதன் நியாய அநியாயத்தைப் பேசும்போது மட்டும் ஏன் வர வேண்டும்?

இப்போது கடைக்கு வரும் பெண்மக்கள் கேட்பது அந்தக் காலத்து வெள்ளைப் பவுடரை அன்று. "போட்டதே தெரியக் கூடாது பாய், ஆனால் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும்" என்கிறார்கள். அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் காலையில் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ளக்கூடிய, இயற்கையாகத் தோன்றுகிற அன்றாட ஒப்பனை அவர்களுக்கு வேண்டும். இதற்கென்றே தனித்தனிச் சாமான்கள் வந்துவிட்டன, விலையும் குறைவில்லை.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. பூசியும் இருக்க வேண்டும். பூசாதது போலும் தோன்ற வேண்டும் என்றால், இது பொய் ஆகாதா? அப்பட்டமாகப் பூசிக்கொண்டவள், தான் பூசியிருப்பதை ஊருக்கே சொல்லிவிடுகிறாள். தெரியாமல் பூசுகிறவளோ, மருவை மறைத்ததோடு மறைத்த செய்தியையும் சேர்த்து மறைக்கிறாள். அப்படியானால் இவளுடைய செயல்தானே பெரிய ஏமாற்று?

இக்கேள்வி பெண்களுக்கு மட்டும் உரியதன்று. சரக்கை அழகாகக் காட்டுவது எதுவரை ஆகும், எந்த இடத்தில் அது மோசடியாகிவிடும் என்பது ஒவ்வொரு வியாபாரியும் தினந்தோறும் விடை சொல்ல வேண்டிய கேள்வி. ஆதலால் இதை நம்முடைய கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம். அந்நிய ஆடவர் முன்னிலையில் பெண்கள் தங்கள் அலங்காரத்தை வெளிக்காட்டுவதைப் பற்றிய மார்க்கச் சட்டம் வேறு விஷயம். அதை ஆலிம் பெருமக்கள் சொல்லக் கேட்டுக்கொள்ளலாம். நான் ஆராய விரும்புவது உண்மை, பொய் என்ற ஒன்றை மட்டுமே.

மார்க்கம் அழகை வெறுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அலங்காரமே கூடாது என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. தொழுமிடங்களுக்குச் செல்லும்போது அலங்காரத்தை மேற்கொள்ளுமாறு ஆதமுடைய மக்களுக்கு இறைவன் கட்டளையிடுகிறான். அவன் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அழகுப் பொருள்களை ஹராமாக்கியவர் யார் என்றும் கேட்கிறான். 'அஃராஃப்' அத்தியாயத்தில் இதைக் காணலாம். அதே இடத்தில் வீண்விரயம் செய்ய வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

தன் உடையும் காலணியும் நன்றாயிருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்பதை எடுத்துச் சொல்லி, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று அவர்கள் விளக்கினார்கள். இந்த விடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழகின் மீது குற்றமில்லை. உண்மையை மறுப்பதிலும் பிறரை இழிவாகப் பார்ப்பதிலும் குற்றமிருக்கிறது. இந்த இரண்டையும் பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

நம் வீடுகளில் மருதாணி இல்லாத கல்யாணம் உண்டா? அத்தர் தடவாத பெருநாள் உண்டா? சுருமா இட்டுக்கொள்ளாத பெரியவர் உண்டா? நம் மலாய்ச் சகோதரிகள் அரிசியை ஊறவைத்து அரைத்து உலர்த்தி, 'பெடாக் செஜூக்' என்று முகத்தில் தடவிக்கொள்வதையும், நம் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் மஞ்சள் பூசிக் குளிப்பதையும் நாம் பரம்பரையாகப் பார்த்து வருகிறோம். மனிதன் அழகாயிருக்க விரும்புவது அவனுடன் பிறந்த குணம்.

சந்தையில் எழுந்த சட்டம்

அழகு குற்றமில்லையெனில், அழகுபடுத்துதல் எப்போது குற்றமாகிறது? நம் மார்க்கம் இதற்குப் பதிலைச் சந்தையிலேயே வைத்துச் சொல்லியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாற்றை நாம் எல்லோரும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்த வியாபாரி, மழையில் நனைந்துவிட்டது என்றார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட பெருமானார் அவர்கள், ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இன்னொன்று, பால் கறவாமல் விட்ட பிராணியின் விஷயம். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் இரண்டொரு நாள் கறக்காமல் மடியைக் கட்டிவைத்தால், மடி பெருத்து, நிறையப் பால் தருவது போலத் தோன்றும். பெருமானார் அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர் மூன்று நாளைக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கறந்து குடித்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉப் பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மடியிலிருந்தது உண்மையான பால்தான். வெளியிலிருந்து எதையும் பூசவில்லை, வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் அது மோசடிதான். இயற்கையாகத் தோன்றுகிறது என்பதால் ஒரு பொய் உண்மையாகிவிடாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவரும், ஹிஜ்ரி 676-ல், அதாவது கி.பி. 1277-ல் மறைந்தவருமான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதிய 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்னும் சட்ட நூல் இந்த ஹதீஸை அடிப்படையாகக் கொண்டு மேலும் சில உதாரணங்களைத் தருகிறது. நீரால் சுழலும் திரிகையை விற்கிறவன் தண்ணீரைத் தேக்கி வைத்து, விற்கும் வேளையில் திறந்துவிட்டுப் பெருவெள்ளம் போலக் காட்டுவது ஒன்று. அடிமை வியாபாரம் நடந்த அந்தக் காலத்தில், விற்கப்படுகிறவரின் கன்னத்தைச் சிவக்கச் செய்வதும், முடியைக் கறுப்பாக்குவதும், சுருளச் செய்வதும் மற்றவை. இவற்றில் எதைக் கண்டு ஏமாந்து வாங்கினாலும் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு.

கவனியுங்கள்! கன்னத்தைச் சிவப்பாகக் காட்டும் பூச்சு இன்று நம் கடைகளில் சின்னஞ்சிறு டப்பியில் விற்கிறதே, அதே விஷயத்தை எழுநூறு வருஷங்களுக்கு முன்பே சட்ட அறிஞர்கள் வியாபார அத்தியாயத்தில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதே நூல் இன்னோர் உதாரணத்தையும் சேர்த்துக்கொள்கிறது. ஆடையில் மைக்கறை பூசி, இவர் எழுதத் தெரிந்தவர் போலும் என்று நினைக்கச் செய்தால், பலமான கருத்தின்படி திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை. கறை பட்ட சட்டையைப் பார்த்த மாத்திரத்தில் ஒருவரைக் கணக்குப்பிள்ளை என்று முடிவு கட்டியது வாங்கியவரின் அசட்டையே. விசாரித்திருக்கலாமே!

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று அடையாளங்கள் கிடைக்கின்றன. எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்து ஏதோ ஒரு முடிவுக்கு வரப் போகிறார். அந்த முடிவுக்கு நாம் காட்டும் தோற்றத்தையே நம்பியிருக்கிறார். நாம் மறைப்பது அவர் அறிந்துகொள்ள உரிமையுள்ள ஒன்று. இந்த மூன்றும் கூடிய இடத்தில் அலங்காரம் மோசடி ஆகிறது. மூன்றும் கூடாத இடத்தில் அது வெறும் அலங்காரம்.

அன்றாட முகம்

இந்தத் தராசில் அன்றாட ஒப்பனையை வைத்துப் பார்ப்போம். ஒரு பெண் இராத்திரி முழுதும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விழித்திருந்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு காலையில் வேலைக்குக் கிளம்புகிறாள். அதன் மேல் கொஞ்சம் பூச்சைத் தொட்டுக்கொள்கிறாள். யாரை ஏமாற்றிவிட்டாள்? ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவள் கருவளையத்தை அறியும் உரிமை எங்கிருந்து வந்தது? அவள் முகத்தை யாரும் விலை பேசவில்லை. தன் வீட்டு அலுப்பைத் தெருவுக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

நாமும் இதைத்தானே செய்கிறோம்? காலையில் கடன்காரன் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகும், அடுத்துவரும் வாடிக்கையாளரைப் புன்சிரிப்போடு வரவேற்கிறோம். இஸ்திரி போட்ட சட்டை, தான் இஸ்திரி போடப்பட்டதை யாருக்கும் அறிவிப்பதில்லை. அதைப் பொய் என்று சொல்வாருண்டா? ஆகவே, தெரியாமல் பூசுவதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. தெரிய வேண்டியவருக்குத் தெரியாமல் செய்தால்தான் பொய்.

ஆனால் இந்த இயற்கை ஒப்பனையிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதை விற்கிற நாம் அறிந்திருக்க வேண்டும். தன் தோலின் நிறத்துக்கு ஒத்த பூச்சைப் பூசுவது ஒரு வழி. தன் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த பூச்சைப் பூசி, அதையே தன் இயற்கை நிறம் போலக் காட்ட முயல்வது மற்றொரு வழி. முன்னதில் அவள் முகம் அவளுடையதாகவே இருக்கிறது. பின்னதில் அவள் இன்னொருத்தியின் முகத்தை இரவல் வாங்குகிறாள்.

ஒத்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் கஷ்டமில்லை. புடவை எடுக்க வருகிறவர் கடைக்குள் இருக்கும் விளக்கை நம்பாமல், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதை நாம் அறிவோம். பூச்சுக்கும் அதே வழிதான். புறங்கையில் தடவிப் பார்ப்பது பிசகு. புறங்கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் அதுவே அவருடைய நிறம். முகத்தைக் கழுவி, ஈரப்பசைக் கிரீமும் வெயில் காக்கும் கிரீமும் தடவி, பூச்சை முகம் முழுதும் அப்பாமல் தேவையான இடத்தில் மட்டும் மெல்லத் தொட்டு, கன்னத்துக்கும் உதட்டுக்கும் சிறிது வண்ணம் சேர்த்தால் போதுமானது. நம் ஊர் வெக்கையில் அதற்கு மேல் பூசுவது எல்லாம் வேர்வையோடு வழிந்து போவதற்குத்தான்.

ஐவேளையும் தொழுகிற பெண்ணுக்கு லேசான ஒப்பனையே தோது. உளூச் செய்யும்போது தண்ணீர் தோலில் பட வேண்டும். தண்ணீரை உள்ளே விடாத பூச்சாயின், முதலில் அதைக் கழுவி நீக்கிக்கொள்ள வேண்டும். டப்பியில் ஹலால் முத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ஒப்பனைப் பொருள்களுக்கென 2019-ல் மலேசியாவில் எம்.எஸ். 2634 என்ற ஹலால் தர வரையறை வெளியிடப்பட்டது. முத்திரை என்பது சேர்மானமும் தயாரிப்பும் ஹலாலா என்பதற்கு அத்தாட்சி. உளூவுக்குத் தண்ணீர் தோலைச் சேருமா என்பது வேறு கேள்வி. இந்த வித்தியாசத்தை வாங்குகிறவருக்கு எடுத்துச் சொல்வது விற்கிறவரின் கடமை.

பெண் பார்க்கும் இடத்தில்

இப்போது தராசின் மறுதட்டுக்கு வருவோம். மூன்று அடையாளங்களும் கூடுகிற இடம் நம் வாழ்க்கையில் ஒன்று உண்டு. அதுதான் பெண் பார்ப்பது. முகத்தை விலை பேசுவதில்லை என்றேன். நிக்காஹ் விலை பேசும் காரியமும் அன்று. ஆயினும் அங்கே இரு தரப்பாரும் ஆயுள் முழுவதற்குமான முடிவை எடுக்கிறார்கள். தாம் மணமுடிக்க நாடிய பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு முஙீரா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் அவர்கள் சொன்னதும், அவர்களிடையே இணக்கம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான். பார்ப்பதற்கு அனுமதி கொடுத்துவிட்டு, பார்ப்பது பொய்யாயிருக்கலாம் என்று மார்க்கம் சொல்லுமா?

பெண்ணுக்கு நல்ல உடை உடுத்தி, தலை வாரி, மெல்லிய அலங்காரத்தோடு அழைத்து வருவதில் ஒரு தப்புமில்லை. அப்படித்தான் வருவாள் என்று பார்க்கிறவருக்கும் தெரியும். ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு விரல் தட்டலில் நிறத்தை வெளுப்பாக்கி, மூக்கைச் சிறிதாக்கி, அந்தப் படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதும், நேரில் பார்க்க வரும் நாளில் இரண்டு படி வெளுத்த பூச்சைப் பூசிவிடுவதும் கறக்காமல் கட்டிவைத்த மடியைப் போன்றதே. கல்யாணமான மறுநாள் காலையில் பூச்சு கழுவப்பட்டு, அந்தப் பெண் தன் சொந்த முகத்தோடு மாமியார் வீட்டில் நிற்கும்போது, அவள் கேட்கப் போகும் சொல்லை அவளைப் பெற்றவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இப்படிச் சொல்லிப் பெண் வீட்டார் தலையில் மட்டும் குற்றத்தைப் போட்டுவிட்டால் அது அநியாயம். அவர்களை இந்த நிலைமைக்குத் தள்ளியவர் யார்? தரகரிடம் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற முதல் கேள்வி என்ன? "பெண் நிறம் எப்படி?" என்பதுதானே! ஓதல் எப்படி, குணம் எப்படி, பெரியவர்களுக்கு அடக்கம் எப்படி என்பதெல்லாம் பிறகு. கேட்கிற சரக்கைத்தான் சந்தை கொண்டுவந்து கொட்டும் என்பது வியாபாரிக்குத் தெரியாததா? மாநிறப் பெண்ணை உள்ளபடி காட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று ஒரு தாய் அஞ்சும்படி செய்துவிட்டு, அவள் பூசிய பூச்சைக் குறை கூறுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக இறைவன் 'ரூம்' அத்தியாயத்தில் எடுத்துக் காட்டுகிறான். வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை, இறையச்சத்தால் அன்றி என்று பெருமானார் அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜின்போது அறிவித்தார்கள். கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லும் பேறு ஹபஷி நாட்டு மரபினரான பிலால் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது. மீலாது மேடையில் இதைக் கேட்டுக் கண் கலங்குகிற நாம், வீட்டுக்கு வந்து மகனுக்குச் சிவத்த பெண் தேடினால், கேட்டதெல்லாம் எங்கே போயிற்று? உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று முன்னே பார்த்தோமே, இங்கே இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

மாப்பிள்ளை தரப்பில் பூச்சு இல்லை என்று எண்ண வேண்டாம். நரைத்த தலைக்குக் கறுப்புச் சாயம் போட்டு வயதைக் குறைப்பது பூச்சு. கடையின் கடனைச் சொல்லாமல் கடையின் முகப்பை மட்டும் காட்டுவது பெரும் பூச்சு. பெண்ணின் கன்னத்துச் சிவப்பு ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். இந்தப் பூச்சு கலையும்போது ஒரு குடும்பமே தெருவில் நிற்கும்.

டப்பிக்குள்ளே இருப்பது

வெளுப்பின் மீதுள்ள இந்த ஆசை நேற்று முளைத்ததன்று. அதில் வியாபாரிகளுக்கும் பங்குண்டு. பம்பாயில் இப்ராஹிம் சுல்தானலி பட்டன்வாலா என்ற முஸ்லிம் வணிகர் 1919-ல் 'ஆப்கான் ஸ்நோ' என்ற முகக் கிரீமைக் கொண்டுவந்தார். 'ஸ்நோ' என்ற சொல்லே நம் வீடுகளில் முகக் கிரீமுக்குப் பெயராகிப் போயிற்று. 1975-ல் இந்தியாவில் 'பேர் அண்ட் லவ்லி' வந்தது. வெளுப்புதான் அழகு என்ற எண்ணத்துக்கு எதிராக உலகெங்கும் குரல் எழும்பவே, 2020-ல் அதன் பெயர் 'கிளோ அண்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது. டப்பியின் பெயரைக் கம்பெனிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். ஜனங்களின் மனசிலுள்ள பெயரை மாற்றுவது யார் பொறுப்பு?

இந்த ஆசையை வைத்துப் பிழைக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஏழே நாளில் வெளுப்பு என்று சொல்லி, பாதரசமும், ஹைட்ரோகுவினோனும், டிரெட்டினாயினும், ஸ்டீராய்டும் கலந்த கிரீம்களை அவர்கள் தள்ளிவிடுகிறார்கள். பாதரசம் தோலில் கருமையை உண்டாக்கும் வேலையைத் தடுக்கிறது. ஆகவே முகம் சில நாளில் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் அது தோலின் வழியே உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. பூசியவளோடு நில்லாமல், அவள் துவாலையும் கையும் பட்ட பிள்ளைகளையும் சேர்கிறது. ஹைட்ரோகுவினோனை நெடுநாள் பூசினால் முகத்தில் நீலங்கலந்த கருமை படியக்கூடும். வெளுக்கப் போய் முன்னிலும் கறுத்த கதை. டிரெட்டினாயின் டாக்டரின் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டிய மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்துவிடும்.

இது கற்பனைப் பயமன்று. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில், நம் மாப்பிள்ளைமார் நிறைந்து வாழும் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரியதொரு பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசி வந்தவர்கள். இந்த ஆராய்ச்சி 2024-ல் சிறுநீரக வைத்திய ஏட்டில் வெளியாயிற்று. பாதரச ஒழிப்புக்கான மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதையும் 2025-க்குப் பின் செய்யவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாதென 2023-ல் ஜெனீவாவில் முடிவு செய்தன.

நம் நாட்டுச் சட்டமும் கண்டிப்பானது. 2008 முதல் இங்கே ஒப்பனைப் பொருள் எதையும் சந்தைக்கு விடுமுன் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு அறிவித்து எண் பெற வேண்டும். அந்த எண்ணை முகமையின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். எண் இருந்தால் மட்டும் போதாது. பிறகு சோதனையில் விஷப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அறிவிப்பு ரத்தாகும், அதையும் முகமை வெளியிடுகிறது. 1984-ம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனியாயின் அபராதம் 50,000 ரிங்கிட் வரை.

சரக்கெடுக்கும்போது சில அடையாளங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்மானப் பட்டியலே இல்லாத டப்பி, செய்தவரின் விலாசம் இல்லாத டப்பி, 'கலோமெல்', 'மெர்க்குரிக்' என்ற சொற்கள் உள்ள டப்பி ஆகாது. வெள்ளி, தங்கம், ரப்பர், அலுமினியம் இவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நகையில் படக்கூடாத கிரீம் மகளின் முகத்தில் மட்டும் படலாமா?

"நானா அதைச் செய்தேன்? கொண்டுவந்து கொடுத்தான், விற்கிறேன்" என்று சொல்வாருண்டு. தானியக் குவியலை நினைத்துப் பாருங்கள். அந்த வியாபாரியும் தானியத்தை நனைக்கவில்லை, மழைதான் நனைத்தது. நனைத்தது யார் என்று பெருமானார் அவர்கள் விசாரிக்கவில்லை. அடியில் வைத்தது ஏன் என்றுதான் கேட்டார்கள். செய்தவன் குற்றம் செய்தவனோடு போகட்டும். மறைத்து விற்றவனுடைய கணக்கு தனியாக எழுதப்படும்.

சட்டம் அனுமதிக்கிற கிரீம்களிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. விஷமில்லை, ஆனால் டப்பியின் மேல் அச்சிட்ட ஆசை வார்த்தை உண்டு. அதை விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்பது மெய்தான். விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை. "இது தோலை மிருதுவாக வைக்கும், பிறந்த நிறத்தை மாற்றாது" என்ற ஒரு வார்த்தையை வாயால் சொல்லி விற்பதற்கு நம்மிடம் முதல் ஒன்றும் கேட்பதில்லையே! ஒன்றிரண்டு டப்பி விற்காமல் போகலாம். சொன்னவருடைய சொல்லுக்கு மதிப்பு ஏறும். அதே வீட்டார் அரிசிக்கும் துணிக்கும் அவரையே தேடி வருவார்கள்.

கறுத்த நிறத்துக்கும் மாநிறத்துக்கும் ஒத்த பூச்சுகளை வாங்கி வைப்பது இன்னொரு கடமை. வெகுகாலம் வெளுத்த நிறங்களே கடைகளில் நிறைந்திருந்தன. 2017-ல் அமெரிக்காவில் 'பென்ட்டி' என்ற கம்பெனி ஒரே சமயத்தில் 40 நிறங்களில் பூச்சை வெளியிட்டது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர வேண்டியதாயிற்று. ஆகவே சரக்கு கிடைக்கவில்லை என்ற சாக்கு இனி எடுபடாது. தன் நிறத்துக்கு ஒத்த டப்பி அலமாரியில் இல்லாத பெண்ணுக்கு நாம் வாய் திறக்காமலே ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறோம்: "உன் நிறம் விற்பனைக்கு லாயக்கில்லாதது." அந்தச் செய்தியும் ஒரு பொய்தான்.

அலங்காரம் அவரவர் முகத்துக்கு ஊழியம் செய்யலாம். முகத்தைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரக் கூடாது. முடிவெடுக்க வந்தவரிடம் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். முடிவெடுக்க வருகிறவரும், இறைவன் கொடுத்த நிறத்தைக் குறையென்று எண்ணாத கண்ணோடு வர வேண்டும். இடையிலிருந்து விற்கிற நாம், ஈரத் தானியத்தை எப்போதும் மேலே வைக்க வேண்டும்.

நம் சரக்கையும் சொல்லையும் வல்ல நாயன் சுத்தமாக்கி வைப்பானாக! நம் வீட்டுப் பெண்மக்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைக் கண்டு அவனுக்கு நன்றி சொல்லும் மனத்தை அவர்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.